சேவு மடியில், மாவு பெட்டியில்

நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் அசிங்கம் இன்னும் கூடும். ஏழு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன்னந்தனியாக அயர்லாந்துக்குப் புறப்பட்ட நான், அவளுடைய சாப்பாட்டைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடிவயிற்றுக்கு அனுப்பிவிட்டு, ஒரு கிலோ காராச்சேவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. முட்டாள்தனம் செய்கிறவனிடம் காரணத்துக்கு என்றைக்குப் பஞ்சம் வந்திருக்கிறது? மதுரை விமான நிலையத்தில் கைப்பையை எடை போட்ட பெண், "ஒரு கிலோ கூடுது சார், எதையாவது பெட்டிக்கு மாத்துங்க" என்றாள். பைக்குள் ஒரே அச்சில் இரண்டு எவர்சில்வர் சம்படங்கள். ஒன்றில் என் அக்கா முளைகட்டி, காயவைத்து, அரைத்து, வேட்டித் துணியில் சலித்துக் கொடுத்த கேழ்வரகு மாவு. மற்றதில் அருப்புக்கோட்டையில் வாங்கிய சேவு. சேவைப் பெட்டியில் போட்டால் நொறுங்கிவிடும். மாவு ஏற்கெனவே நொறுங்கினதுதானே? மாவைப் பெட்டிக்கு மாற்றினேன். அந்தப் பெண்ணிடம் இந்தத் தர்க்கத்தை விளக்கவும் செய்தேன். அவள் சிரித்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திருச்சுழியில் தாலுகா ஆபீஸ் பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. சுற்றுப்பட்டு ஊர்களில் வெளிநாடு போன பாதிப் பேரின் பாஸ்போர்ட்டை நகல் எடுத்தவன் நான். எனக்கென்று ஒரு பாஸ்போர்ட் எடுத்தது முப்பத்து நாலாவது வயதில்தான். என் மனைவி செல்வி நர்ஸ். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தபோது மகள் யாழினிக்கு மூன்றரை மாதம். சேரவேண்டிய தேதியைத் தள்ளிப்போட முடியாது. பிள்ளைக்கும் எனக்கும் விசா பிறகுதான் வரும் என்றார்கள். செல்வி போனாள். போகுமுன் பால் கட்டி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். அதைப் பற்றி எங்களுக்குள் யாரும் பேசுவதில்லை.

தினமும் போனில் வருவாள். "இங்க எம்பது வயசு, தொண்ணூறு வயசுப் பிள்ளைகளுக்கெல்லாம் கரண்டியில ஊட்டிட்டு வாரேன். எம்பிள்ளைக்கு என்ன குடுத்தீக?" கேழ்வரகுப் பால்கூழ், மசித்த வாழைப்பழம் என்று நான் ஒப்பிப்பேன். கடைசியில் ஒரே பேச்சுதான் வரும்.

"பாலைத்தான் பாதியில நிப்பாட்டிட்டேன். மொதச் சோறாவது எங்கையாலதான். அதுவரைக்கும் ஒரு பருக்கை அவ வாயில படக்கூடாது."

எங்கள் பக்கம் முதல் சோறு ஊட்டுவது சின்ன விஷயமில்லை. ஆண் பிள்ளைக்கு இரட்டைப்படை மாதம், பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படை. குலசாமி கோயிலில் பொங்கல் வைத்து, பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஊட்டுவார்கள். செல்வியின் தம்பி, தன் மடி காலியாக இருக்கிறதே என்று இரண்டு மாதமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. செல்வி அசையவில்லை. கோயில் வேண்டாம், மடி வேண்டாம், அவள் கை மட்டும் போதும். ஏழாம் மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது விசா வந்தது.

புறப்பட்ட அன்று அக்காவும் அதையேதான் சொன்னாள். "ஏலே, கேப்பை மாவு ரெண்டு கரண்டி, சுடுதண்ணி, கட்டி தட்டாமக் கிண்டு. சோறு மட்டும் குடுத்துறாத. அவ மனசு விட்டுப்போகும்." யாழினியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கி, திரும்பக் கொடுத்தாள். நாலு மாதமாக வளர்த்தவள். "யாளினி, ஆத்தாகிட்டப் போறியா?" என்றாள். செல்வி ஆசைப்பட்டு வைத்த பெயர். அந்த 'ழ' எங்கள் ஊரில் இன்னும் யார் வாயிலும் ஏறவில்லை.

எங்களை ஏற்றிவந்த வாடகைக் கார், அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. மாற்று டயரை எடுத்துப் பார்த்தால் அதற்கு முன்பே உயிர் போயிருந்தது. டிரைவர் வானத்தைப் பார்த்தான். எங்கள் ஊரில் வானத்தைப் பார்க்காத ஆள் கிடையாது, அங்கே ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும் பார்ப்போம். இருபுறமும் கருவேலங்காடு, வெயில், தூரத்தில் காய்ந்த கண்மாய். பெட்டி, பை, பிள்ளையோடு மதுரை பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினேன்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா, பூக்கூடையை மடியிலிருந்து இறக்கிவிட்டு யாழினியை வாங்கிக்கொண்டார். "ஆத்தாக்காரி எங்கப்பா?"

"அயர்லாந்துலம்மா."

"அது எங்கிட்டு? கமுதிக்கு அங்கிட்டா?"

"அதுக்கும் கொஞ்சம் அங்கிட்டு."

"அம்புட்டுத் தூரத்துக்கு பச்சப்பிள்ளைய ஆம்பளைய நம்பியா அனுப்புறாக?" என்று அவர் பஸ் முழுவதற்கும் கேட்டார். பஸ் என்னைத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் மட்டும் இரக்கப்பட்டு, விமான நிலைய விலக்கில் பெட்டியைத் தானே இறக்கிக் கொடுத்தார். "பாத்துப் போங்கண்ணே, பிள்ளைய வச்சுட்டுப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிறாதீக." இன்னும் ஒரு மணி நேரத்தில் நான் என்ன செய்யப்போகிறேன் என்று ஏதோ ஒரு அளவில் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் விமானத்தில் யாழினி ஒரு புட்டிப் பால் குடித்துவிட்டுத் தூங்கினாள். இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்த இடத்தில் வாழைப்பழம். அக்கா நாலு கொடுத்திருந்தாள். இரண்டு மகளுக்கு, ஒன்றின் மேல் நான் உட்கார்ந்துவிட்டேன், ஒன்றை ருசி பார்த்தேன். ருசி பார்த்தது கொஞ்சம் முழுசாகிவிட்டது. போகட்டும், கேழ்வரகு இருக்கிறதே என்று தைரியம். அந்த இடத்தில் எல்லாம் பளபளவென்று இருந்தது. சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக. எங்கள் ஊர் டீக்கடைக்காரர் என்றால் பிள்ளையைப் பார்த்ததுமே கேட்காமல் வெந்நீர் கொடுப்பார். இங்கே வெந்நீரையும் ஒரு பொருளாகப் பட்டியலில் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை நீண்ட விமானம். எனக்கு நடு இருக்கை. நடைபாதை ஓரம் ஒரு ஐரிஷ் அம்மா, வெள்ளை முடி, கையில் பின்னல் ஊசியும் நூலும். ஜன்னல் ஓரம் ஒரு ஆள், போர்வையை முக்காடாகப் போட்டு முழுத் தூக்கம். ஏறி ஒரு மணி நேரத்தில் யாழினி எழுந்தாள். பசி. புட்டியைக் கொடுத்தேன், தட்டிவிட்டாள். மறுபடி கொடுத்தேன், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். விமானத் தண்ணீரின் வாசமோ, காது அடைப்போ, கூழ் நேரத்தில் இதென்ன பால் என்ற கோபமோ, தெரியவில்லை. சரி என்று பணிப்பெண்ணிடம் வெந்நீர் கேட்டேன். வந்தது. கிண்ணம் வைத்தேன், கரண்டி வைத்தேன், மகளுக்குக் கழுத்துத் துணி கட்டினேன். அக்கா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள். சம்படத்தைத் திறந்தேன்.

சேவு.

அப்போதுதான் உறைத்தது. என் தர்க்கம் முழுவதும் ஒரு தடவை ஆரம்பத்திலிருந்து கண்முன் ஓடியது. அந்தப் பெண் ஏன் சிரித்தாள் என்பது உட்பட. வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. யாழினி என்னையும் சம்படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விமானம் பறப்பது எல்லோருக்கும் நினைவிருக்கட்டும் என்பதுபோல் அலறினாள்.

போர்வை அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "சேவு வாசம் வருதே. கனவா, நெசமா?"

"நெசந்தாண்ணே."

முக்காடு விலகியது. ஐம்பதை நெருங்கும் வயது, நரைத்த தாடி. "எந்த ஊரு?"

"திருச்சுழி."

"அடப்பாவி! நான் வீரசோழன்யா. பொண்ணு கட்டிக் கொடுக்கிற தூரத்துல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசல பாரு."

"நீங்க தூங்குனீகளே."

"சேவு இருக்குன்னா எழுப்ப வேண்டியதுதான?"

அவர் பெயர் சிக்கந்தர். இருபது வருடம் வளைகுடாவில் சமையல்காரர். இப்போது ஒரு வருடமாக அயர்லாந்தில் ஒரு உணவகத்தில். விடுப்பு முடிந்து திரும்புகிறார். எங்கள் பக்கம் பாய்மார்களை நாங்கள் மாமா என்போம், அவர்கள் எங்களை மாப்ளை என்பார்கள். கால் கைப்பிடி சேவு வாய்க்குள் போவதற்குள் நாங்கள் மாமனும் மாப்ளையும் ஆகிவிட்டோம். அவர் பாஸ்போர்ட்டையும் நான் நகல் எடுத்திருக்கக்கூடும். என் மெஷினில் எல்லோர் முகமும் கரியாகத்தான் விழும், அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சாப்பாடு வந்தது. சிக்கந்தர் மாமா தாளைப் பிரித்து, சோற்றில் ஒரு பருக்கையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினார். "பாதிதான் வெந்துருக்கு. இதப் பொங்குனவன் எங்கிட்ட வேல பாத்தா மறுநாளே ஊருக்கு டிக்கெட் போட்டுக் குடுத்துருவேன்." சோற்று வாசம் பட்டதும் யாழினியின் அழுகை நின்றது. எட்டி, இரண்டு கையாலும் அவர் கட்டைவிரலைப் பிடித்து, பருக்கையோடு வாய்க்கு இழுத்தாள்.

"வேணாம்!" என்று கத்திவிட்டேன். முன் வரிசை திரும்பிப் பார்த்தது. பருக்கை என் சட்டையில் எங்கோ விழுந்தது. மாமா சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

காரணத்தைச் சொன்னேன். பால் நிறுத்தியது, காய்ச்சல், முதல் சோறு, எல்லாம். அவர் கேட்டு முடித்துவிட்டு, பிரித்த தாளைத் திரும்பத் தட்டின் மேல் மூடினார். அவரும் சாப்பிடவில்லை.

"மாமா, நீங்க சாப்பிடுங்க."

"பிள்ளை பாத்துக்கிட்டிருக்கு மாப்ளை."

யாழினி மறுபடி ஆரம்பித்தாள். ஐரிஷ் அம்மா, தன் பேரனுக்கு வாங்கியது என்று ஒரு பையை நீட்டினார். பிழிந்தால் ஆப்பிள் கூழ் வரும். பிழிந்து ஊட்டினேன். யாழினி அதை வாயில் சுற்றி, யோசித்து, என் மூக்கின் மேல் திருப்பிக் கொடுத்தாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, "என் மகனும் இப்படித்தான். இப்போது அவன் போலீஸ்காரன்" என்றார். அதில் எனக்கு என்ன ஆறுதல் என்று தெரியவில்லை, ஆனால் அன்பாகச் சொன்னார். மறுபடி புட்டி. மறுபடி தட்டிவிடல். தோளில் போட்டு நடைபாதையில் நடந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டு, திருச்சுழி பஸ் நிற்கும் ஊர்களின் பெயர்களை ராகமாகச் சொல்வது. அதையும் மேலும் கீழும் இரண்டு டிரிப் பாடிப் பார்த்தேன்.

பிறகு அவள் அழுகையை நிறுத்தினாள். அதுதான் பயமாக இருந்தது. என் தோளில் தலையைச் சாய்த்து, போர்வையின் நுனியைச் சப்ப ஆரம்பித்தாள். சப்பிக்கொண்டே என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வையில்லை. இவன் அவ்வளவுதான் என்று ஒத்துக்கொண்ட பார்வை. இறங்க இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. கீழே மேகம். செல்வியைக் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. அவள் அந்நேரம் யாரோ ஒரு தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாள், கடிகாரத்தைப் பார்த்தபடி.

இருக்கைக்கு வந்தேன். "மாமா, கையக் கழுவிட்டு வாங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ரோசிச்சுத்தான் சொல்றியா?"

"ஆமா."

கழிப்பறைக்குப் போனவர் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது முழங்கை வரை ஈரம். பணிப்பெண்ணிடம் குழம்பு படாத வெறும் சோறு ஒரு பெட்டி கேட்டு வாங்கினார். கேழ்வரகுக்காக நான் கேட்ட வெந்நீர் ஆறிப்போயிருந்தது; புதிதாக வாங்கி, சோற்றில் ஊற்றி மூடி ஊறவைத்து, வடித்து, கட்டைவிரலால் பிசைந்தார். பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். "வெரலுக்கு ஒண்ணும் தட்டக்கூடாது" என்றார். வெண்ணெய்போல ஆன பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

"ஊட்டு. தகப்பன் கை."

"எங்க வழக்கத்துக்கு மாமன் மடி" என்றேன்.

அவர் கட்டைவிரலில் ஒட்டிய சோற்றைக் கிண்ண விளிம்பில் வழித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கு மூணு பிள்ளை மாப்ளை. மூத்தவ காலேஜ் முடிச்சுட்டா. மூணு பேருக்கும் மொதச் சோறு ஊட்டுனப்ப நான் ஊர்ல இல்ல. ஒருநாளைக்கு ஐநூறு பேருக்குப் பொங்கிப் போட்டுக்கிட்டிருந்தேன்." கையை நீட்டினார். யாழினி போனாள். புது முகம் கண்டால் வீரிடுகிறவள், தாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

'பிஸ்மில்லா' என்று உதடு மட்டும் அசைய, நுனிவிரலில் தொட்டு வைத்தார். யாழினி நெற்றியைச் சுருக்கினாள். நாக்கால் தள்ளினாள், மறுபடி இழுத்தாள். ஏதோ புரிந்தது. அப்புறம் திறந்தாள் பாருங்கள் வாயை, கண்மாயில் தண்ணீர் வற்றும்போது கெளுத்தி திறக்கிற மாதிரி. ஐரிஷ் அம்மா பின்னல் ஊசியை வைத்துவிட்டுக் கைதட்டினார். கிண்ணம் காலியானது. யாழினி அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். மாமா வலது கையைக் கழுவப் போகாமல், விரல்களை விரித்து முழங்காலில் வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் சொன்னார். "வீட்ல சொல்லாத. அதுதான் மொதச் சோறுன்னு நெனச்சு அவுக ஊட்டட்டும். பிள்ளையா வந்து சொல்லப்போகுது?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பொய் சொல்வதில் எனக்கு முன் அனுபவம் உண்டு. நாளைக்குத் தருகிறேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், மெஷின் ரிப்பேர் என்று. மாமாவுக்கு சேவில் பாதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். இறங்கிப் பாஸ்போர்ட் பார்க்கும் இடத்துக்கு வந்ததும், யாழினியின் உள்ளங்காலை ஒரு தடவை தொட்டுவிட்டு வேறு வரிசைக்குப் போனார்.

பெட்டி வந்தது. மூடி விட்டுப்போய், மாவு பெட்டியின் ஜிப் வழியாகக் கசிந்து, செங்காட்டுப் புழுதியில் உருண்டு வந்ததுபோல இருந்தது. சுங்க அதிகாரி ஓரமாகக் கூப்பிட்டார். விரலில் தொட்டுப் பார்த்து, "என்ன இது?" என்றார்.

"என் மகளின் சாப்பாடு."

பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "அப்படியானால் இவ்வளவு தூரம் அவள் எதைச் சாப்பிட்டாள்?"

"சோறு" என்றேன். நான் அதை வாய்விட்டுச் சொன்னது முதலில் அவரிடம்தான். தலையசைத்து அனுப்பிவிட்டார்.

வெளியே வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழை. யாரும் கேட்காத மழை, யாரும் ஏறெடுத்தும் பார்க்காத மழை, நிறுத்தி வைத்த கார்கள் மேல் வீணாகப் பெய்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கண்மாயை நினைத்து எனக்கு வயிறெரிந்தது. இந்தப் பக்கம் செல்வி நின்றிருந்தாள். பெரிய கோட்டு, இளைத்த முகம், கையில் துண்டு சுற்றிய டிபன் பாக்ஸ்.

போனில் சிரிக்கிற முகம்தான். ஆனால் யாழினிக்குப் போனில் தெரிந்த அம்மா உள்ளங்கை அளவுதான். இவ்வளவு பெரிய அம்மாவைக் கண்டதும் திரும்பி என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். செல்வியின் நீட்டிய கை அப்படியே நின்றது. பிடுங்கவில்லை, கூப்பிடவில்லை. கையை மடக்கிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து, மடியில் டிபன் பாக்ஸைத் திறந்தாள். குழைய வடித்த சோறு, பருப்பு, ஒரு சொட்டு நெய். ஆவி வந்தது.

யாழினி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். செல்வி ஒரு விரலில் எடுத்து நீட்டினாள். அவ்வளவுதான், கெளுத்தி வாயைத் திறந்துவிட்டது. ஒரு வாய், இரண்டு வாய். மூன்றாவது வாய்க்கு என் கையிலிருந்து உடம்பை எக்கினாள். ஐந்தாவது வாய்க்கு அம்மா மடியில் இருந்தாள். செல்வி ஊட்டுவதும், இடது கை முதுகால் தன் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தாள். "எப்படித் திங்கிறா பாருங்க, மொதச் சோறுன்னே தெரியல" என்றாள்.

சும்மா இருந்திருக்கலாம். மாமா சொன்னது மாதிரி பிள்ளையா வந்து சொல்லப்போகிறது? ஆனால் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதும், சேவு, மாவு, புட்டி, ஆப்பிள், போர்வை நுனி, வீரசோழன், வெந்நீர் என்று எல்லாம் முன்னும் பின்னுமாக என் வாயிலிருந்து கொட்டிவிட்டது. ஊட்டுகிற கை நிற்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. என் சட்டைப் பித்தானில் ஒட்டிக் காய்ந்திருந்த ஒரு பருக்கையை இடது கை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவமா செல்வி?" என்றேன்.

"பட்டினியாக் கொண்டாந்திருந்தீகன்னாத்தான் கொன்னுருப்பேன்."